போகும் ஊர் இல்லாத கப்பல்

நாவலாசிரியனுக்குக் கப்பல் கட்டுவது மிகவும் சுலபமான காரியம். மரம் வேண்டாம், இரும்பு வேண்டாம், பாங்கிக் கடன் வேண்டாம். ஒரு பேனாவும் பத்துத் தாள் காகிதமும் போதும். 'அவன் தன் உல்லாசக் கப்பலில் ஏறிக்கொண்டான்' என்று எழுதிய மாத்திரத்தில் கப்பல் தயாராகிவிடுகிறது. அதற்கு என்ன எஞ்சின், எத்தனை வேகம், எவ்வளவு ஆழத் தண்ணீர் வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாததனாலேயே கதைகளில் வருகிற கப்பல்களில் பெரும்பாலானவை அட்டைக் கப்பல்களாக இருக்கின்றன. கதாநாயகன் கொஞ்சம் பலமாகத் தும்மினால் கவிழ்ந்து போய்விடும்.

இந்த விஷயத்தில் இயான் பிளெமிங் ஒரு விதிவிலக்கு. ஜேம்ஸ் பாண்ட் கதைகள் பெரிய இலக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1961-ல் வெளிவந்த 'தண்டர்பால்' நாவலில் அவர் கட்டியிருக்கிற 'டிஸ்கோ வொலாண்டே' என்னும் கப்பல் அட்டைக் கப்பல் அல்ல. இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குப் 'பறக்கும் தட்டு' என்று அர்த்தம். வேகமான உல்லாசக் கப்பல் என்றால் என்ன, அதன் அமைப்பில் எது உண்மை, எது பகட்டு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தக் கற்பனைக் கப்பலிலிருந்து தொடங்குவது நல்லது. நிஜக் கப்பல்கள் சிலவற்றைவிட இதில் நியாயம் அதிகமாக இருக்கிறது.

கதை இதுதான். ஒரு சதிக்கூட்டம் இரண்டு அணுகுண்டுகளோடு ஒரு விமானத்தைக் கடத்திக் கொண்டு வந்து பஹாமாஸ் தீவுகளின் அருகில் கடலில் இறக்குகிறது. குண்டுகளை எடுத்து ஒளித்து வைத்து, உலகத்தை மிரட்டிப் பணம் பறிக்க வேண்டும். அதற்கு ஒரு கப்பல் தேவை. பிளெமிங் அந்தக் கப்பலுக்கு ஒரு சாமான் பட்டியலே கொடுத்துவிடுகிறார். இலேசான உலோகக் கலவையில் உடல். டெய்ம்லர்-பென்ஸ் டீசல் எஞ்சின்கள் இரண்டு. எடை 100 டன். வேகம் மணிக்குச் சுமார் 50 கடல் மைல். விலை இரண்டு லட்சம் பவுன். கட்டியவர்கள் ஸிஸிலித் தீவில் மெஸ்ஸீனா நகரத்துக் கப்பல் துறையினர். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆகவே 50 என்பது ஏறக்குறைய 93 கிலோமீட்டர். தரையில் அது பெரிய வேகம் இல்லை. தண்ணீரில் அது அசுர வேகம்.

இந்தப் பட்டியல் வெறும் ஜம்பத்துக்காகப் போடப்பட்டது அல்ல. ஒவ்வொன்றுக்கும் கதையில் ஒரு வேலை இருக்கிறது. வேகம் எதற்கு? காரியம் முடிந்ததும் தப்பி ஓட. ஆழமில்லாத தண்ணீரில் போகும் தன்மை எதற்கு? பஹாமாஸ் கடலில் மணல் திட்டுகளும் பவழப் பாறைகளும் நிறைந்திருக்கின்றன. சாதாரணக் கப்பல் அங்கே தட்டிப் போகும். அடிப்பாகத்தில் தண்ணீருக்குள் திறக்கும் கதவு எதற்கு? குண்டை யார் கண்ணிலும் படாமல் உள்ளே கொண்டுவர. சரி, இவ்வளவு படாடோபம் எதற்கு? அங்கேதான் பிளெமிங்கின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அந்தப் படாடோபமே மாறுவேஷம்! எமிலியோ லார்கோ என்கிற பணக்காரன் மூழ்கிப்போன புதையலைத் தேடி வந்திருக்கிறான் என்று ஊர் நம்ப வேண்டும். சொகுசு இல்லாவிட்டால் அந்தப் பொய் எடுபடாது. ஆக, இந்தக் கப்பலில் சொகுசுகூடச் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை, அதுவும் உழைக்கிறது.

மெஸ்ஸீனா என்ற ஊரைப் பிளெமிங் கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரல் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே ரோட்ரிகெஸ் என்ற நிஜக் கப்பல் துறை இருந்தது. ஹான்ஸ் ஃபொன் ஷெர்டெல் என்னும் ஜெர்மானியர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய ஒரு முறையை வைத்து அவர்கள் 1956-ல் 'ஃப்ரேச்சா தெல் சோலே' என்ற பயணிகள் கப்பலைக் கட்டி, மெஸ்ஸீனாவுக்கும் எதிர்க்கரையிலுள்ள ரெஜ்ஜோவுக்கும் இடையே ஓட்டினார்கள். 'சூரியனின் அம்பு' என்று அந்தப் பெயருக்குப் பொருள். இந்த வகைக் கப்பலுக்கு ஹைட்ரோபாயில் என்று பெயர். கப்பலின் அடியில் இறக்கை போன்ற உலோகத் தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். ஆகாய விமானத்தின் இறக்கை காற்றில் என்ன செய்கிறதோ, அதையே இந்தத் தகடுகள் தண்ணீருக்குள் செய்கின்றன. வேகம் கூடக்கூடக் கப்பலின் உடல் முழுவதும் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிவிடுகிறது. உடலைத் தண்ணீர் பிடித்து இழுப்பது நின்றுபோவதால் அதே எஞ்சினில் அதிக வேகம் கிடைக்கிறது.

அந்த நிஜக் கப்பல் சுமார் 70 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் ஓடியது. நாவலாசிரியர் அதை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் கனமாக்கி, வேகத்தை ஐம்பது ஆக்கினார். பொய்தான், ஆனால் உண்மையான அஸ்திவாரத்தின்மேல் எழுப்பிய மாடி. கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கற்பனை செய்வதற்கு முன்னால் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கற்பனைக்குப் பலம் வருகிறது.

1965-ல் இந்தக் கதை சினிமாவாக வந்தது. காட்சி அமைப்பாளர் கென் ஆடம். அவருக்கு ஒரு தொல்லை. நிஜ ஹைட்ரோபாயில் என்பது பார்வைக்கு ஒரு பஸ் மாதிரி இருக்கும். கோடீசுவர வில்லன் பஸ்ஸில் வந்து இறங்கினால் சபையோர் சிரிப்பார்கள். ஆடம் என்ன செய்தார் தெரியுமா? நிஜ ஹைட்ரோபாயில் ஒன்றின் பின்னால் உல்லாசக் கப்பலைப் போன்ற ஒரு பெரிய கூட்டைக் கட்டிப் பொருத்தினார். பார்த்தால் முழு உல்லாசக் கப்பல். படத்தின் முடிவில் கடற்படை நெருங்கி வரும்போது இணைப்பு கழன்று கொள்கிறது. சொகுசான பின்பாதி பீரங்கி மேடையாக மாறி நின்று போராடுகிறது. வேகமான முன்பாதி பட்டாம்பூச்சி கூட்டிலிருந்து கிளம்புவதுபோலக் கிளம்பித் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கிறது.

தியேட்டரில் இதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் இது வெறும் வேடிக்கை என்று நினைத்திருக்கலாம். ஆனால் வேகமான உல்லாசக் கப்பல் என்பதைப் பற்றி எழுதப்பட்டுள்ள எத்தனையோ வியாக்கியானங்களைவிட அந்த ஒரு காட்சி அதிகம் சொல்லுகிறது என்பது என் கட்சி. வேகமும் சொகுசும் ஒரே உடலில் குடியிருக்க மாட்டா. ஓட வேண்டிய நேரம் வந்தால் சொகுசைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அதைத்தான் ஆடம் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார்.

இதே கதையை 1983-ல் 'நெவர் ஸே நெவர் அகெய்ன்' என்ற பெயரில் மறுபடி எடுத்தார்கள். இம்முறை லார்கோவின் கப்பலாக நடித்தது 'நபீலா'. ஆயுத வியாபாரி அட்னான் கஷோகிக்காக இத்தாலியில் 1980-ல் கட்டப்பட்ட 280 அடிக்கு மேற்பட்ட மிதக்கும் அரண்மனை. கப்பலின் பெயரை மட்டும் இங்கிலீஷில் 'பறக்கும் தட்டு' என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது எங்கே பறக்கும்? ஜமக்காளத்தை விரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு ஆசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தபோது இவர்கள் சொகுசைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். அதனால் கதையின் முதுகெலும்பு முறிந்தது. ஓட முடியாத கப்பலை வைத்துக்கொண்டிருப்பவன் துரத்தப்படும்போது நமக்கு நெஞ்சு எப்படிப் படபடக்கும்?

வேகத்துக்கும் சொகுசுக்கும் அப்படி என்ன ஜன்மப் பகை என்று வாசகர்கள் கேட்கலாம். பகைக்குக் காரணம் தண்ணீர்தான். கப்பல் நகரும்போது முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடினால் அந்த அலை நீண்டுகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் கப்பலின் நீளமும் ஒன்றாகி, கப்பல் தானே உண்டாக்கிய பள்ளத்தில் தானே மாட்டிக்கொள்கிறது. தண்ணீரில் படும் நீளம் 120 அடி உள்ள கப்பலுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 15 கடல் மைல். அதற்குமேல் போகவேண்டுமானால், தன் அலையின் மேலேயே ஏறி, தட்டையான கல்லை ஏரியில் வீசினால் சறுக்கிக்கொண்டு போகிறதே அப்படி நீரின்மேல் சறுக்க வேண்டும். ஏறுவதற்குப் பிரம்மாண்டமான சக்தி வேண்டும். ஏறும் பொருள் இலேசாகவும் இருக்கவேண்டும். இங்கேதான் சோபாவும் சலவைக்கல்லும் குளியல் தொட்டியும் குறுக்கே வந்து நிற்கின்றன. ஒவ்வொரு சோபாவையும் எஞ்சின் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். அதற்கு எஞ்சினைப் பெரிதாக்கினால் எஞ்சின் கனம். எஞ்சினுக்கு எண்ணெய், எண்ணெய் கனம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதான்.

அலையில் மோதும் அடி இன்னொரு சங்கடம். தட்டையான அடி சறுக்குவதற்கு நல்லது. ஆனால் அலைமேல் அது பலகையால் அறைவதுபோல் விழும். ரே ஹண்ட் என்ற அமெரிக்கர் அடிப்பாகத்தை முன்னிருந்து பின்வரை ஆழமான 'வி' வடிவத்தில் அமைத்துப் பார்த்தார். 1960-ல் மயாமியிலிருந்து நாஸோவுக்கு நடந்த பந்தயத்தில் அந்த வடிவத்தில் கட்டிய 'மாப்பி' என்ற 30 அடிப் படகு கொந்தளிப்பான கடலில் எல்லாரையும் முந்தி வந்தது. லார்கோ குண்டுகளை ஒளித்து வைத்தானே, அதே பஹாமாஸ் தண்ணீர்தான்! அதற்குப் பின் வந்த வேகப் படகுகளில் மிகப் பல இந்த அடி வடிவத்தின் வாரிசுகள்.

கதையிலிருந்து நிஜத்துக்கு வந்தாயிற்று. இனி நிஜம் கதையைக் காப்பி அடித்த விந்தையைப் பார்க்கலாம். ஜான் ஸ்டாலுப்பி என்ற அமெரிக்க மோட்டார் வியாபாரிக்கு வேகத்தில் மோகம். பாண்ட் படங்களிலும் மோகம். அவர் கட்டச் சொன்ன கப்பல்களுக்குப் பாண்ட் படங்களின் பெயர்களையே வைத்து வந்தார். 1988-ல் ஹாலந்து தேசத்து ஹீசன் துறையில் அவருக்காக 'ஆக்டோபஸி' கட்டப்பட்டது. நீளம் 143 அடி. 50 கடல் மைலைத் தாண்ட வேண்டும் என்பது நிபந்தனை. பிளெமிங் 1961-ல் காகிதத்தில் எழுதிய அதே ஐம்பது! ஓட்டிப் பார்த்தபோது 53.17 வந்தது. உலகத்திலேயே வேகமான உல்லாசக் கப்பல் என்று பெயர் வாங்கியது.

எப்படிச் சாதித்தார்கள்? உடல் அலுமினியம். ஒவ்வொன்றும் சுமார் 3,500 குதிரைச் சக்தி உள்ள டீசல் எஞ்சின்கள் மூன்று. அந்த வேகத்தில் சாதாரணப் புரொப்பெல்லர் சுழன்றால் அதைச் சுற்றித் தண்ணீர் குமிழ்களாகி உடைந்து உலோகத்தையே அரித்துவிடும். ஆகையால் புரொப்பெல்லருக்குப் பதில், கப்பலின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிக்கும் மூன்று நீர்ப் பீச்சிகள். இத்தகைய கப்பல்களின் உள் அலங்காரத்திலும் பொற்கொல்லர் தராசு வேலை நடக்கிறது. பார்வைக்குக் கனமான தேக்குக் கதவுபோல் இருக்கும். தட்டினால் உள்ளே தேன்கூடு போன்ற இலேசான பலகை, மேலே காகிதம்போல் சீவி ஒட்டிய மரத்தோல். சலவைக்கல் தரையும் அப்படித்தான். வடை தட்டுவதற்கு வாழை இலை போல, கல்லை மெல்லிசாக அறுத்து இலேசான பலகையின்மேல் ஒட்டியிருப்பார்கள்.

இந்தத் தொழில் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 143 அடிக் கப்பலை ஐம்பத்து மூன்று கடல் மைலுக்கு ஓட்டுவது சாமானியமா? கைவினைஞனுக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். விமரிசகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோதனை ஓட்டம் முடிந்தது, எண் கிடைத்தது, கைகுலுக்கியாயிற்று. மறுநாள் காலையில் இந்தக் கப்பல் எங்கே போகிறது?

அந்த வேகத்தில் மேல்தட்டில் ஒருவரும் நிற்க முடியாது. காற்றே இல்லாத நாளில்கூட மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் புயல் முகத்தில் அடிக்கும். காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைக்க முடியாது. கனமான கண்ணாடிக்குப் பின்னால், சத்தம் கேட்காமல் அடைத்த அறையில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் குதிரைச் சக்திக்கு மணிக்கு ஒன்றரை டன் டீசல் வேண்டியிருக்கும். நீண்ட தூரம் போகவேண்டுமானால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆக, சொகுசை அனுபவிக்கும்போது வேகம் இல்லை. வேகத்தில் போகும்போது சொகுசு இல்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர் எப்போது பார்த்தாலும் பாதிக் கப்பலில்தான் பிரயாணம் செய்கிறார். கென் ஆடம் போல்ட்டைக் கழற்றிப் பிரித்ததை இவர் கழற்றாமலே பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"வேகமே ஓர் ஆனந்தம் ஐயா! குதிரைப் பந்தயத்துக்கு என்ன காரியம் இருக்கிறது? வீணைக்கு என்ன பிரயோஜனம்? எல்லாவற்றுக்கும் ஊர் பேர் கேட்பதா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். நியாயமான சண்டைதான். ஆனந்தமே காரியமாக இருக்கட்டும். ஆனால் அந்த ஆனந்தம் ஆளுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இத்தாலியில் கார்லோ ரீவா 1962-ல் வெளியிட்ட 'அக்வரமா'வைப் பாருங்கள். எட்டு மீட்டர்ப் படகு; மெருகிட்ட மஹாகனி மரம்; இரண்டு எஞ்சின். படுக்கை அறைகளின் வரிசை இல்லை, விருந்து மண்டபம் இல்லை. நாலைந்து பேர் உட்காரலாம். ஓட்டுகிறவன் முகத்தில் காற்று அடிக்கிறது, தண்ணீர் தெறிக்கிறது, மரம் வெயிலில் மின்னுகிறது. அங்கே வேகந்தான் சொகுசு, சொகுசுதான் வேகம். இரண்டும் சண்டை போடவில்லை. 1996 வரையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன? அது நல்ல சிறுகதை. தனக்கு வேண்டாத ஒரு வரியையும் சுமக்கவில்லை.

இன்னொரு உதாரணம் ஆகாகான் கட்டுவித்த 'டெஸ்ட்ரியரோ'. போர்க்குதிரை என்று அர்த்தம். 67 மீட்டர் நீளம். மூன்று காஸ் டர்பைன்கள். 1992 ஆகஸ்டில் அமெரிக்கக் கரையோரத்து அம்ப்ரோஸ் விளக்கிலிருந்து இங்கிலாந்துக்குத் தென்மேற்கே உள்ள பிஷப் ராக் வரையில், நடுவில் எண்ணெய் நிரப்பாமல், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தை 58 மணி 34 நிமிஷத்தில் கடந்தது. சராசரி 53 கடல் மைல். சோதனை ஓட்டத்தில் சில நிமிஷம் அல்ல. இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும்! அதன் உடலில் ஒவ்வொரு அங்குலமும் அந்தப் பிரயாணத்துக்காகவே கட்டப்பட்டது. போகும் ஊர் இருந்தது, போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம் கதை சோகந்தான். காரியம் முடிந்த போர்க்குதிரை ஆண்டுக்கணக்கில் கப்பல் துறைகளில் சும்மா கட்டிக் கிடந்தது. இருந்தாலும் அதைப் பார்த்து யாரும் 'இது எதற்கு?' என்று கேட்க முடியாது. 'இது எதற்காக இருந்தது' என்பதற்குப் பதில் சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்டாலுப்பியின் பந்தயமோ நிற்கவில்லை. 1992-ல் 'மூன்ரேக்கர்', 2004-ல் 'தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்'. இரண்டும் 60 கடல் மைலைத் தாண்டியவை. கடைசிப் பெயருக்கு 'உலகம் போதாது' என்று அர்த்தம். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த நையாண்டி எழுத்தாளனும் வைத்திருக்க முடியாது. 50 போதாது, 60 போதாது, உலகமும் போதாது! எண்ணுக்கு முடிவு இல்லை. ஊருக்குத்தான் முடிவு உண்டு. வந்து சேர்ந்துவிட்டோம் என்று இறங்கிவிடலாம்.

இவ்வளவும் கப்பல்காரர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. கதை எழுதுகிற நாங்கள் கட்டும் நாவல்களும் இந்தத் தராசுக்குத் தப்பா. கதாநாயகியின் புடவைக்கு இரண்டு பக்கம், வீட்டு வரவேற்பறைக்கு மூன்று பக்கம், நடுவில் தலைதெறிக்க ஓடும் ஒரு துரத்தல். படிக்கும்போது விறுவிறுப்பு, மூடி வைத்தபின் எங்கே போய் வந்தோம் என்று நினைவு இல்லை. அந்த வரவேற்பறை லார்கோவின் சொகுசைப்போல ஒரு வேலை செய்ததா, அல்லது எஞ்சின் தூக்கிச் சுமக்க வேண்டிய சோபாதானா? வாசகர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டால் எங்களில் பல பேருடைய நாவல்கள் பாதி எடையாகிவிடும்.

ஒரு கள்ளனுடைய கப்பலைத் தராசில் வைத்து எடை போட்டதில் இந்த மட்டும் தெரிகிறது. பிளெமிங் அவனுக்கு அணுகுண்டைக் கொடுத்தார், வேகத்தைக் கொடுத்தார், சொகுசைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியத்தைக் கொடுத்தார். கெட்ட காரியந்தான். ஆனாலும் அது இருந்ததனால்தான் ஐந்தாறு பாராக்களில் கட்டிய கப்பல் இன்றும் மூழ்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.